தனித்த எலக்ட்ரான்களும் காந்தத் தன்மையும்: கேள்வி பதில்

களியக்காவிளை மாணவி: ஐயா, அணுவுக்குக் காந்தத் தன்மை எங்கிருந்து வருகிறது?

ஒவ்வொரு எலக்ட்ரானும் தன் தற்சுழற்சியால் ஒரு மிகச் சிறிய காந்தம்தான், மகளே. ஒரே ஆர்பிட்டாலில், அதாவது அணுவில் எலக்ட்ரான் தங்கும் ஒரே இடத்தில், இரண்டு சேரும்போது அவை எதிரெதிர்த் தற்சுழற்சியுடனே இருக்க முடியும் என்பதால், ஒன்றின் காந்தத்தை மற்றொன்று ஈடுசெய்துவிடுகிறது. எல்லா எலக்ட்ரான்களும் இணைந்துவிட்ட டயாகாந்தப் பொருளைக் காந்தப்புலம் மெல்ல விலக்கும். இணையில்லாமல் தனித்தவை எஞ்சியிருக்கும் பாராகாந்தப் பொருளை ஈர்க்கும். மூலக்கூறில் இரண்டு தனித்த எலக்ட்ரான்கள் இருப்பதால்தான் திரவ ஆக்சிஜன் காந்த முனைகளுக்கு இடையே ஒட்டி நிற்கிறது.

குளச்சல் வாசகர்: மணவாளக்குறிச்சிக் கருமணலைக் காந்தத்தால் பிரிக்கிறார்களே, அதற்கும் இதுதான் காரணமா?

ஆம். அந்த மணலில் உள்ள இல்மனைட் என்ற கனிமத்தின் இரும்பு அயனிக்கு நான்கு தனித்த 3டி எலக்ட்ரான்கள் உண்டு (3டி, 4எஃப், 4எஸ் என்பன ஆர்பிட்டால் வகைகளின் பெயர்கள்). ஆயினும் சாதாரண வெப்பநிலையில் அது பாராகாந்தமே என்பதால் வலிமையான புலம் தேவைப்படுகிறது. சீரியம், நியோடிமியம் ஆகியவற்றின் 4எஃப் எலக்ட்ரான்களால் அதே மணலின் மோனசைட் கனிமம் அதைவிட மெலிதாக ஈர்க்கப்படும். மற்ற கனிமங்களான சிர்க்கானிலும் ரூட்டைலிலும் உலோக அயனியின் டி ஆர்பிட்டால்கள் காலியாக இருப்பதால் அவை ஈர்க்கப்படாமல் ஒதுங்கிவிடுகின்றன.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்: இரும்பணுவில் நான்கு தனித்த எலக்ட்ரான்கள், குரோமியத்தில் ஆறு. ஆனால் இரும்புதானே காந்தத்தில் ஒட்டுகிறது?

மிக நல்ல கேள்வி, ஐயா. பாடம் பெரும்பாலும் எண்ணிக்கையோடு நின்றுவிடுவது எனக்கு வருத்தமே. தனித்த எலக்ட்ரான்கள் எத்தனை என்பதோடு, அடுத்தடுத்த அணுக்களின் எலக்ட்ரான்கள் எத்திசையில் நின்றால் ஆற்றல் குறைகிறது என்பதும் சேர்ந்தே விடையைத் தீர்மானிக்கிறது. இரும்பிலும் கோபால்ட்டிலும் நிக்கலிலும் பரிமாற்ற இடைவினை எனப்படும் இந்த விளைவு அவற்றை ஒரே திசையில் நிறுத்துகிறது, இதுவே பெர்ரோகாந்தம்; குரோமியத்தில், ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, அவை எதிரெதிராக அமைந்து ஒன்றையொன்று நீக்கிக்கொள்கின்றன. மேலும், உலோகமானபின் தனி அணுவின் கணக்கு அப்படியே நிலைப்பதில்லை: இரும்பில் அணுவொன்றுக்குக் கிடைப்பது சுமார் 2.2 போர் மேக்னட்டான் (ஏறத்தாழ ஒரு எலக்ட்ரானின் தற்சுழற்சி தரும் காந்த அளவு) மட்டுமே.

செங்கோட்டை வாசகர்: செம்பணுவிலும் ஒரு தனித்த எலக்ட்ரான் உண்டே?

உண்டு. ஆனால் உலோகத்தில் அந்த 4எஸ் எலக்ட்ரான் எந்த அணுவுக்கும் சொந்தமின்றி உலவுகிறது. அது தரும் மெல்லிய பாராகாந்தத்தை நிறைந்த உள்கூடுகளின் டயாகாந்தம் விஞ்சிவிடுகிறது.

களியக்காவிளை மாணவி: பழுக்கக் காய்ச்சிய இரும்பு ஏன் ஒட்டுவதில்லை?

770 டிகிரியைத் தாண்டினால் வெப்பம் அந்த ஒருதிசை ஒழுங்கைக் குலைத்துவிடும். தனித்த எலக்ட்ரான்கள் மறைவதில்லை, இரும்பு பாராகாந்தமாகிவிடும். ஏழு தனித்த 4எஃப் எலக்ட்ரான்கள் கொண்ட கடோலினியத்துக்கு ஒழுங்கு குலையும் இந்த வெப்பநிலை, அதாவது கியூரி வெப்பநிலை, ஏறத்தாழ 20 டிகிரிதான். உங்கள் ஊர் நண்பகலில் அது பெர்ரோகாந்தமாக இருக்காது.