மாணிக்கக் குழியில பங்குக்கு இறங்குறதுக்கு முன்னாடி

இரத்தினபுரி பக்கம் தோட்டத்துல இருக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "வீட்டுக்காரர் தோட்ட வேலைய விட்டுட்டு மாணிக்கக் குழிக்குப் போறேங்கிறார். சம்பளம் கிடையாதாம், சாப்பாடும் கல்லு கிடைச்சா பங்கும்தானாம். விடலாமா? என்ன பார்த்துட்டு இறங்கணும்?"

தங்கச்சி, முதல்ல செக்ரோல்ல, அதாவது தோட்டத்துத் தொழிலாளர் பதிவுல, இருக்கிற பேரை விட வேணாம்னு சொல்லுங்க. ஈபிஎஃப்னு சொல்ற சேமலாப நிதியும் அதோடதான் வருது, பேரை விட்டா தோட்டம் கொடுத்த லயத்து வீட்டுப் பிரச்சினையும் ஆரம்பிக்கும். குழியில மாசக்கணக்கா தோண்டி, இல்லம்னு சொல்ற அந்தச் சரளை மண்ணு வரைக்கும் போய், கழுவிப் பார்த்தா ஒண்ணுமே இல்லாம போறது சாதாரணமா நடக்கிற விஷயம். அத்தனை நாளும் அவருக்கு குழியில சோறு கிடைக்கும், வீட்டுல உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் யார் போடுறது? அப்பதான் முதலாளிகிட்ட அட்வான்ஸ் வாங்குவீங்க, கல்லு கிடைச்சதும் அது பங்குல கழியும், நிறைய குடும்பம் சிக்குறது இங்கதான்.

அடுத்தது பங்கு. காணிக்காரர், லைசன் எடுத்தவர், பம்ப் கொடுத்தவர், செலவு பண்ற முதலாளி எல்லாருக்கும் பங்கு இருக்கும், தொழிலாளிங்க பங்கை குழியில இறங்குற எல்லாரும் பிரிச்சுக்கணும். எல்லா ஊர்லயும் ஒரே கணக்கு இல்ல, அதனால எத்தனையில ஒண்ணு, எந்தெந்தச் செலவு முதல்ல கழியும்னு ஒரு தாள்ல எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டு இறங்கச் சொல்லுங்க. வாய்ப்பேச்சு நம்பிக்கை நல்லதுதான், ஆனா பெரிய கல்லு ஒண்ணு கிடைச்ச அன்னிக்கு அது பத்தாது.

என்னைக் கேட்டா எழுதுறதை விடவும் முக்கியம் விலை தெரியுறது. கூடையில சரளையப் போட்டு தண்ணிக்குள்ள சுழட்டிச் சுழட்டி மண்ணு போனப்புறம், அடியில நிக்கிற கல்லை வெயிலுக்கு நேரா தூக்கிப் பார்ப்பாங்க பாருங்க, அந்த நேரம் அவர் பக்கத்துல நிக்கணும். விக்கப் போற அன்னிக்கும் தொழிலாளிங்க சார்புல ஒருத்தர் கூடப் போகணும். பால் மாதிரி மங்கலா இருக்கிற கெவுட கல்லை ஒரு காலத்துல இங்க யாரும் மதிக்கல, 1970கள்ல தாய்லாந்து வியாபாரிங்க அதை வாங்கிட்டுப் போய் சூடாக்கி நல்ல நீலமா மாத்தி வித்தாங்க, தோண்டின கைக்கு வந்தது ரொம்பக் கொஞ்சம். விலை தெரியாதவன் பங்காளின்னு பேருக்குத்தான் இருப்பான்.

லைசன் கட்டாயம் பாருங்க. தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபை கொடுத்ததா, அதே காணிக்கா, தேதி முடியலையான்னு. தோட்டக் காணியில, ஆத்தோரத்துல ராத்திரி தோண்டுற குழின்னா வேணவே வேணாம், போலீஸ் வந்தா மாட்டுறது குழிக்குள்ள இருக்கிறவன்தான், முதலாளி அங்க இருக்கவே மாட்டார்.

உயிர் விஷயம் ஒண்ணு. தண்ணி இறைக்கிற இன்ஜினை குழிக்குள்ள இறக்கவே கூடாது, மேலதான் வைக்கணும். மெழுகுவர்த்தி எரியுது, காத்து இருக்குன்னு சில பேர் தைரியமா இறங்குவாங்க, அது ஒட்சிசன் குறைஞ்சதைத்தான் காட்டும், இன்ஜின் புகையில வர்ற கார்பன் மொனொக்சைட் இருந்தாலும் மெழுகுவர்த்தி பாட்டுக்கு எரியும், ஆள் விழுந்துருவான், அவனைத் தூக்க இறங்குறவனும் விழுவான். அதே மாதிரி மே, ஜூன் மழையில சுவர் சரியாம முட்டுக் கொடுக்கிற மரம் நல்லா இல்லாத குழிக்கு இறங்க வேணாம். 2003லயும் 2017லயும் மே மாசம் களு கங்கை எப்படி வெள்ளமா வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

பங்காளின்னு ஆகிட்டா ஈபிஎஃப் கட்ட யாரும் வர மாட்டாங்க. ஆனா சுயதொழில் செய்றவங்களுக்கு இலங்கை சமூகப் பாதுகாப்புச் சபையில ஓய்வூதியத் திட்டம் இருக்கு, பிரதேச செயலகத்துல கேட்டா விவரம் சொல்லுவாங்க, உங்க பேர்லயும் சேர்ந்துக்கலாம்.

இந்தக் கிழமையே அவரை லைசன் காப்பியக் கேட்கச் சொல்லுங்க. காட்ட இழுத்தடிச்சா அந்தக் குழி வேணாம்.