சாக்பீஸ் எதனால் ஆனது?

கேள்வி: சாக்பீஸ் சுண்ணாம்புப் பொருள் என்று படித்திருக்கிறேன். ஆனால், அதைத் தயாரிப்பவர்கள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்கிறார்கள். எது சரி? ‘டஸ்ட்லெஸ்’ வகையில் உண்மையிலேயே தூசி இராதா?
- ஆசிரியை ஒருவர், பெரம்பலூர்.

பதில்: இரண்டுமே சரிதான். முற்காலத்தில், இங்கிலாந்தின் டோவர் கடற்கரையில் இருப்பது போன்ற மென்மையான வெண்பாறையை வெட்டி எழுதினார்கள். டைனோசர்கள் உலவிய கிரெட்டேசியஸ் காலத்தில், கடலில் வாழ்ந்த நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து உருவான அந்தப் பாறை, கால்சியம் கார்பனேட்டால், அதாவது நீங்கள் படித்த சுண்ணாம்புப் பொருளால் ஆனது.

நம் ஊர்ப் பட்டறைகளில் வார்க்கப்படும் சாக்பீஸோ ஜிப்சம், அதாவது நீரேறிய கால்சியம் சல்பேட். (உங்கள் மாவட்டத்துக் காரை கிராமத்தை ஒட்டிய களிமண் மேடுகளில், அதே கிரெட்டேசியஸ் காலப் படிவுகளுக்கு நடுவே ஜிப்சம் நரம்பு நரம்பாக ஓடுவதைப் பார்க்கலாம்.) ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரி செல்சியஸில் சூடாக்கினால், அதன் படிகத்துக்குள் பிணைந்திருக்கும் நீரில் முக்கால் பங்கு வெளியேறிப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கிடைக்கிறது. அதைத் தண்ணீரில் கரைத்து, எண்ணெய் தடவிய அச்சில் ஊற்றியதும், இழந்த நீரை அது மீண்டும் ஏற்றுக்கொண்டு, ஊசி போன்ற படிகங்களாக ஒன்றோடொன்று பின்னி இறுகுகிறது. அப்போது அச்சு வெதுவெதுப்பாவதைக் கையால் தொட்டே உணரலாம். மிகுதியான தண்ணீர் உலர்ந்த இடங்கள் நுண்துளைகளாக நின்றுவிடுவதால்தான் சாக்பீஸ் எடை குறைந்து, பலகையில் உரசியவுடன் எளிதாகத் தேய்கிறது. கரைசலில் தண்ணீர் கூடினால் அது பொடிந்துபோகும். குறைந்தால் கெட்டிப்பட்டுப் பலகையைக் கீறும்.

கையிலிருப்பது எந்த வகை என்று அறிய, ஒரு துண்டைப் பொடித்து, முதலில் தண்ணீரில் நன்றாக நனைத்துக்கொண்டு, பிறகு சில சொட்டு வினிகர் விடுங்கள். உலர்ந்த துண்டில் நேரடியாக விட்டால், துளைகளிலிருந்து வெளிவரும் காற்றுக்குமிழிகள் நம்மை ஏமாற்றிவிடும். நனைத்த பொடி நுரைத்தால் அதில் கார்பனேட் இருக்கிறது. அமைதியாக இருந்தால் பெரும்பாலும் ஜிப்சம்தான்.

‘டஸ்ட்லெஸ்’ வகை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டைப் பசைப்பொருளுடன் பிசைந்து, நெருக்கமாக அழுத்திச் செய்யப்படுவது. அதிலும் தூசி உண்டு. துகள்கள் கனமானவை என்பதால் காற்றில் மிதக்காமல் விரைவில் கீழே விழுந்துவிடுகின்றன. இவ்வகை சிலவற்றில் பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் பசையாகச் சேர்க்கப்படுவதால், வகுப்பில் பால் ஒவ்வாமை உள்ள குழந்தை இருந்தால், வாங்குமுன் அதை விசாரித்துக்கொள்வது அவசியம். எந்த வகையானாலும், பலகையை ஈரத்துணியால் துடைத்தால் தூசி பெருமளவு குறையும்.