கேபிள் சுற்றத் தெரிந்த பையன்

அன்புள்ள அண்ணா,

எங்கள் ஊர் ஆனைமலைப் பக்கம். அடிக்கடி ஷூட்டிங் வரும். எங்கள் பையன்கள் கூட்டத்தில் நிற்பார்கள், இல்லையென்றால் டீ வாங்கி வருவார்கள். லைட் தூக்குவதிலிருந்து கிளாப் அடிப்பதுவரை ஆட்கள் சென்னையிலிருந்தே வந்துவிடுகிறார்கள். இங்கேயே ஒரு மாதப் பயிற்சி நடத்தினால் இவர்களுக்கு வேலை கிடைக்குமா? மண்டபம் கேட்டு வைத்திருக்கிறோம்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கிடைக்கும். ஆனால் மண்டபத்தில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினால் கிடைக்காது. யூனிட் வண்டி வந்து நின்றதும் எதை இறக்கி எங்கே வைப்பது என்று பையனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் உதவி இயக்குநராகச் சேர்ந்த முதல் வாரம், ஒரு லைட்மேன் அண்ணன் கேபிள் சுற்றச் சொன்னார். கயிறு மாதிரி முழங்கையில் சுற்றினேன். வாங்கிப் பிரித்துப் போட்டுவிட்டு, ஒரு வளையம் நேராக, அடுத்த வளையம் உள்பக்கம் திருப்பி என்று சுற்றிக் காட்டினார். அப்படிச் சுற்றினால்தான் உள்ளே கம்பி முறுக்கேறாது, மறுநாள் விரித்தால் சிக்கில்லாமல் ஓடும். ஹாலஜன் பல்பை வெறும் கையால் தொடக்கூடாது என்பதும் அவர் சொன்னதுதான். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் மட்டும் அதிகமாகச் சூடேறி பல்பு வெடித்துவிடும்.

தரமணி அரசுத் திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் எல்லாம் படிக்கலாம். லைட்மேன் வேலை செட்டில் கைமாறும் தொழில். யூனிட்டில் சித்தப்பா இருக்கிற சென்னைப் பையனுக்கு அது வாய்க்கிறது. ஆனைமலைப் பையனுக்கு அந்தச் சித்தப்பா இல்லை. அவருடைய வேலையைத்தான் உங்கள் பயிற்சி செய்ய வேண்டும்.

முதல் வாரம் முழுக்கப் பாதுகாப்புதான். ஜெனரேட்டர், எர்த்திங், மழையில் கிடக்கும் கேபிள், உயரத்தில் லைட் கட்டுவது. 2020 பிப்ரவரியில் சென்னைக்கு வெளியே ஒரு படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். மூவரும் திரைக்குப் பின்னால் உழைத்தவர்கள்.

அப்புறம் கிளாப். சீன், ஷாட், டேக் எண்ணைச் சத்தமாகச் சொல்லி, ஃப்ரேமுக்குள் அடித்துவிட்டு விலக வேண்டும். கட்டை மூடுவதையும் அந்தச் சத்தத்தையும் பொருத்தித்தான் எடிட்டிங்கில் படத்தையும் ஒலியையும் சேர்க்கிறார்கள். ஷாட்டின் கடைசியில் அடித்தால் போர்டைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். ஒரு மதியம் பழகினால் வந்துவிடும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பயிற்சி என்ற பெயரில் சம்பளமில்லாமல் எந்த யூனிட்டுக்கும் ஆள் அனுப்பாதீர்கள். சென்னை ஆளின் பாதிச் சம்பளத்துக்கு உள்ளூர் ஆள் தருகிறோம் என்றும் இறங்காதீர்கள். திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான ஃபெப்சியில் இருபதுக்கும் மேற்பட்ட சங்கங்கள் இருக்கின்றன, லைட்மேன்களுக்கும் சங்கம் உண்டு. அவர்களையே கூப்பிட்டுச் சொல்லித்தரச் சொல்லுங்கள். தங்கள் பிழைப்பில் கைவைக்க வருகிறார்கள் என்று அவர்கள் நினைத்துவிட்டால் உங்கள் பையன்கள் செட் வாசலைத் தாண்ட முடியாது. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்தச் சம்பளமும் பேட்டாவும் போராடி வாங்கியவை.

தேதி குறித்ததும் எழுதுங்கள். கேபிளையும் லைட்டையும் கோயம்புத்தூரில் வாடகைக்குக் கேட்டுப் பார்க்கலாம். கிளாப் போர்டு என்னிடம் இருக்கிறது, கொண்டுவருகிறேன்.