கணக்கு நோட்டைக் காட்டச் சொல்லுங்கள்

கேள்வி: ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாம் என்று இரண்டு வருடமாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன். முன்பணம் கொடுக்க மட்டும் துணிச்சல் வரவில்லை. ஏற்கெனவே இரண்டு, மூன்று வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் சிலர் மாதம் ஒருமுறை கூடிப் பேசுகிறார்கள். என்னையும் வரச் சொல்கிறார்கள். அவர்களிடம் என்ன கேட்டுக் கற்றுக்கொள்வது?

பதில்: அவசியம் போங்கள். எவ்வளவுக்கு வாங்கினீர்கள், இப்போது என்ன விலை போகிறது என்று கேட்டால் எல்லோரும் சந்தோஷமாகச் சொல்வார்கள். அது உங்களுக்கு அதிகம் உதவாது. யாராவது ஒருவரிடம், ஒரே ஒரு வீட்டின் போன வருடக் கணக்கைக் கேளுங்கள். எத்தனை மாதம் வாடகை வந்தது, எதற்கெல்லாம் பணம் போனது?

வீட்டின் விலை 100, வருட வாடகை 6 என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் பூட்டிக் கிடந்தாலே அந்த 6-இல் 0.50 போய்விடும். வரி, காப்பீடு, பெயின்ட், மோட்டார் ரிப்பேர் என்று இன்னொரு ஒன்றரை. மிஞ்சுவது 4. விலையில் 80 கடன், வட்டி 8 சதவீதம் என்றால் முதல் வருட வட்டியே ஏறத்தாழ 6.40. அசல் தவணை வேறு. துண்டு விழுவதை மாதாமாதம் உங்கள் சம்பளத்திலிருந்துதான் போட வேண்டும். விலை ஏறும் என்ற நம்பிக்கையில் தெரிந்தே இதைச் செய்கிறவர்கள் உண்டு, சரி. தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள்தான் சில வருடத்தில் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

அப்புறம், அவர்கள் வீடு பார்க்கப் போகும்போது கூடவே போங்கள். நான் முதன்முதலில் ஆசை ஆசையாக ஒரு வீட்டைப் பார்க்கப் போனபோது அனுபவமுள்ள ஒருவரை அழைத்துப் போனேன். அவர் ஹாலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குளியலறைக் குழாய்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, சமையலறைக்குப் போய் அங்கே ஒரு குழாயைத் திருகினார். தண்ணீர் நூலாக இறங்கியது. பிறகு அண்ணாந்து பார்த்தார். கூரையின் ஒரு மூலையில் மட்டும், முறம் அகலத்துக்குப் புதுப் பெயின்ட். "மழை பெய்த மறுநாள் வருவோம்" என்றார். போனோம். அந்த இடம் உப்பிப்போய், தொட்டால் ஈரமாக இருந்தது. நான் படித்த எதிலும் அந்த மூலையைப் பார்க்கச் சொல்லியிருக்கவில்லை.

வாடகைக்கு வருபவரைப் பற்றியும் கேளுங்கள். யாருக்கு மறுத்தார்கள், வாடகை நின்றபோது என்ன செய்தார்கள், காலி செய்ய எத்தனை மாதம் ஆனது என்று. இன்னொன்று: கையைச் சுட்டுக்கொண்டவர்கள் இப்படிப்பட்ட கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள். முன்பு வந்துகொண்டிருந்தவர் யார் என்று விசாரித்து, அவர் மனம் திறந்து பேசத் தயாராக இருந்தால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள். எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

யோசனை சொல்பவர் தன் இடத்தையே உங்களுக்கு விற்கப் பார்த்தால், அந்த நிமிடத்திலிருந்து அவர் விற்பனைக்காரர். வேறு யாரையும்போல விலையைச் சரிபாருங்கள். கூட்டாகப் பணம் போடலாம் என்றால், பத்திரம் யார் பெயரில், ஒருவர் விலக நினைத்தால் அவர் பங்கை யார், என்ன விலைக்கு வாங்குவது என்று எழுத்தில் இல்லாமல் ஒரு காசும் தராதீர்கள். வில்லங்கம், வரி இரண்டுக்கும் நீங்களே கட்டணம் கொடுத்து ஒரு வழக்கறிஞரையும் கணக்காளரையும் பாருங்கள். நண்பர் வாங்கிய வருடத்தில் இருந்த விதி இன்றைக்கு மாறியிருக்கலாம்.

வெறுங்கையோடு போகாதீர்கள். கடைசியாக உங்களுக்குப் பிடித்திருந்த வீட்டின் வரவு செலவை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போய், "இதில் எங்கே தப்பு செய்திருக்கிறேன்?" என்று அவர்கள் முன்னால் வையுங்கள். பேனாவை எடுத்துத் திருத்த உட்காருகிறவர் யாரென்று பாருங்கள். அடுத்த வீட்டைப் பார்க்க அவரைக் கூப்பிடுங்கள்.