பாலக்காடு கோட்டையைத் "திப்பு கோட்டை" என்கிறார்களே, திப்பு கட்டியதா? உள்ளே பார்க்க என்ன இருக்கிறது?

கட்டியது திப்பு இல்லை, அவருடைய அப்பா ஹைதர் அலி, 1766-ல். பெயர் மட்டும் மகனிடம் போய் ஒட்டிக்கொண்டது. எங்கள் பாலக்காட்டுப் பக்கத்தில் யாரிடம் வழி கேட்டாலும் திப்பு கோட்டை என்றுதான் கை காட்டுவார்கள்.

ஏன் இங்கே கட்டினார் என்றால், தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் வாளையாரில் நின்று இரண்டு பக்கமும் மலையைப் பாருங்கள், புரிந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் இவ்வளவு பெரிய இடைவெளி வேறெங்கும் கிடையாது; கோயம்புத்தூரிலிருந்து மலபார் கரைக்குப் படையும் பீரங்கியும் சுலபமாகப் போக இதுதான் வழி. அதனால்தான் ஆளாளுக்கு அடித்துக்கொண்டார்கள்: 1768-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், சில மாதத்திலேயே ஹைதர் மீட்டார், 1783-ல் ஆங்கிலேயப் படையின் கர்னல் ஃபுல்லர்ட்டன் பிடித்தும் நிலைக்கவில்லை, கடைசியாக 1790-ல் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கே போனது.

சரி, உள்ளே? அரண்மனை, தர்பார் என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான், இது முழுக்கப் படைக்கான கோட்டை. ஆனால் மதில் அப்படியே நிற்கிறது. கருங்கல்லைத் தொட்டால் மத்தியானத்தில் கை சுடும், சுற்றிலும் அகழியில் பாசி பிடித்த தண்ணீர். உள்ளே ஆஞ்சநேயர் கோயில் இருக்கிறது, சனிக்கிழமை போனால் கோட்டை பார்க்க வந்தவர்களைவிடச் சாமி கும்பிட வந்தவர்கள்தான் அதிகம். அப்புறம் இதே மதிலுக்குள் ரொம்ப நாள் கிளைச் சிறையும் இருந்தது! சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போங்கள், கணவாய்க் காற்று நன்றாக இருக்கும்.