விடைத்தாள் நகல்: ரிட்டுக்கு முன் ஆர்.டி.ஐ. மனு

வணக்கம் தம்பி. விடைத்தாள் நகல் கேட்டு பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு இரண்டு முறை எழுதியும் பதில் இல்லை, நேரே ஹைகோர்ட்டில் ரிட் (பல்கலைக்கழகத்துக்கு உத்தரவிடக் கோரும் மனு) போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் அனுப்பியது வேண்டுகோள் கடிதம். அதற்கு இத்தனை நாளில் பதில் தர வேண்டும் என்ற கெடு கிடையாது. தகவல் உரிமைச் சட்டம் (ஆர்.டி.ஐ.) 2005, பிரிவு 6(1)-இன் கீழ் மனு போட்டால் 30 நாள் கெடு உண்டு. திருத்திய விடைத்தாளும் ‘தகவல்’தான் என்று உச்ச நீதிமன்றம் 2011-இலேயே சொல்லிவிட்டது. ஆனால் பல்கலைக்கழகம் விடைத்தாளைப் பாதுகாத்து வைத்திருக்கும் காலம் வரைதான் கிடைக்கும். அதனால் இந்த வாரமே அனுப்புங்கள்.

வாசகம்தான் முக்கியம். என் முதல் மனுவில் “ஏன் பெயிலாக்கினீர்கள்?” என்று எழுதினேன். விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று பதில் வந்தது. அடுத்ததில் பதிவெண், பாடக் குறியீடு, தேர்வு நாள் எழுதி, “மதிப்பிடப்பட்ட எனது விடைத்தாளின் சான்றிட்ட நகல் வேண்டும்” என்ற ஒரே வரி. நகல் வந்தது. உள்பக்கத்தில் போட்டிருந்த 6 மதிப்பெண் முகப்புக் கட்டத்தில் ஏறவே இல்லை!

பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர். மாநிலப் பல்கலைக்கழகம் என்பதால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டினால் போதும். காரணம் சொல்லத் தேவையில்லை. பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அங்கேயே அவருக்கு மேலுள்ள அலுவலரிடம் முதல் மேல்முறையீடு.

எல்லாவற்றுக்கும் நகலும் தபால் ரசீதும் வைத்திருங்கள். பிறகு ரிட் போட நேர்ந்தாலும், “முறையாகக் கேட்டீர்களா, மறுத்தார்களா?” என்றுதான் நீதிமன்றம் முதலில் பார்க்கும்.