ஜெம்பே வாங்கும் முன் பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போடுங்கள்

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். மொத்தம் 34 பிள்ளைகள். எல்லோரும் சேர்ந்து தாளம் வாசிக்கக் கற்றுத்தர ஆசை. ஊர்க்காரர் ஒருவர் செலவை ஏற்பதாகச் சொல்கிறார். 12 ஜெம்பே, மூன்று நாள் பயிற்சி, சான்றிதழ் எல்லாம் சேர்த்து 90,000 ரூபாய் என்று ஒரு முகவர் விலைப்புள்ளி கொடுத்திருக்கிறார். வாங்கலாமா? எனக்கு இசை தெரியாது.

பதில்: இந்த வருஷம் வாங்காதீர்கள் டீச்சர். பணத்தை முகவரிடம் கொடுக்காமல் வைத்திருங்கள்.

ஜெம்பே மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி, கினி நாட்டு முரசு. மரத்தைக் குடைந்து, ஆட்டுத்தோல் போர்த்தி, கயிற்றால் இழுத்துக் கட்டுவார்கள். அருமையான வாத்தியம்தான். ஆனால் மழை ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும். மே மாதம் தகரக் கூரை அறையில் வைத்துப் பூட்டினால் விளிம்போரம் கிழியும். மறுபடி இழுத்துக் கட்ட அந்த முகவர் பாலக்கோட்டுக்கு வரமாட்டார். 12 அங்குல வாயும் இரண்டடி உயரமும் உள்ள ஜெம்பேயை ஒன்றாம் வகுப்புப் பிள்ளை காலிடுக்கில் பிடிக்கவே முடியாது. அதைக் காரணம் காட்டி எட்டு அங்குலத்தில் ஒன்றை நீட்டுவார்கள். அது அலமாரியில் அழகுக்கு வைக்கிற சாமான். தோல் மெலிசு, கயிறு பேருக்குத்தான்.

யாராவது கொண்டுவந்து காட்டினால், அடிப்பக்கம் வழியாக போன் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். விரிசலில் பசையும் மரத்தூளும் அடைத்து, வெளியே பெயிண்ட் பூசியிருப்பார்கள். தோலை ஆணியடித்துப் பொருத்தியிருந்தால் தொடவே வேண்டாம், பிறகு சுருதி ஏற்ற வழியில்லை. தோல் கிழிந்தால் மாற்றித் தருவதாக பில்லிலேயே எழுதிக் கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே நழுவிவிடுவார்கள். சான்றிதழ் உங்கள் பிள்ளைகளுக்கு எதற்கும் உதவாது.

பகுதிநேரக் கலை ஆசிரியர்களை ஆறாம் வகுப்புக்கு மேல்தான் போட்டார்கள். ஈராசிரியர் பள்ளிக்கு யார் வருவார்? கலைத் திருவிழா மட்டும் வருஷம் தவறாமல் நடக்கிறது. சொல்லித்தர ஆள் போடாமல் போட்டி மட்டும் வைத்தால், முகவர் அந்தச் சந்தில்தான் நுழைவார்.

சரி, எதில் தொடங்குவது? 20 லிட்டர் பெயிண்ட் வாளியில். உங்களுக்குப் பன்னிரண்டு போதும். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு 10 லிட்டர் வாளி. தண்ணீரில் கரையும் எமல்ஷன் பெயிண்ட் வாளியாகப் பார்த்து எடுங்கள். தின்னர், எனாமல், பூச்சிமருந்து, ரசாயனம் இருந்த எதுவும் பள்ளிக்குள் வரக்கூடாது, எத்தனை முறை கழுவினாலும். கம்பிப் பிடியைக் கழற்றிவிடுங்கள். முட்டியில் குத்தும், கிணுகிணுக்கும்.

கவிழ்த்து வைத்து அடித்தால் சத்தம் அமுங்கிப் போகிறதா? வாளி தரையோடு ஒட்டியிருப்பதுதான் காரணம். ஓரத்தின் கீழே ஒரு சின்னக் கல்லை வைத்து ஒரு பக்கம் தூக்கிவிடுங்கள். நடுவில் அடித்தால் ‘தொம்’, விளிம்பில் அடித்தால் ‘டக்’. முதல் வருஷத்துக்கு இந்த இரண்டு ஒலி போதும்.

குச்சி ஒரு சாண் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலாக, பெருவிரல் கனத்தில் இருக்கட்டும். வேப்பங்கிளையைப் பட்டை உரித்து இரண்டு வாரம் நிழலில் காயவைத்து, முனையை உப்புத்தாளால் உருட்டித் தேயுங்கள். மூங்கில் வேண்டாம், பிளந்து சிலாம்பு ஏறும்.

முதல் இரண்டு வாரம் வாளியே வேண்டாம். வாயும் கையும்தான். தகதிமி நான்கு, தகிட மூன்று, தகதகிட ஐந்து. சொல்லிக்கொண்டே நடக்கட்டும். வாயில் நிற்காத தாளம் கையில் நிற்காது. அப்புறம் முதலில் கற்றுத்தர வேண்டியது நிறுத்தம். நீங்கள் கையைத் தூக்கினால் குச்சி இரண்டும் தோளில் ஏறிவிட வேண்டும். இது படியாமல் 12 வாளியை வெளியே எடுக்காதீர்கள்.

பிறகு மூன்று அணி. ஓர் அணி வாளியில், ஓர் அணி கைதட்டலில், ஓர் அணி சொல்லில். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வேகம் ஏறிக்கொண்டே போகும், எல்லாப் பள்ளியிலும் போகும். சத்தம் கூடினால் பக்கத்துப் பிள்ளையின் அடி காதில் விழாது, அதனால் ஓடுகிறார்கள். பாதிச் சத்தத்துக்கு இறக்கினால் வேகமும் இறங்கும். கான்கிரீட் அறைக்குள் வேண்டாம், புளிய மரத்தடியில் 20 நிமிடம். கையெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் நீங்கள் கத்த வேண்டியிருந்தால் அது காதுக்குக் கெடுதல்.

தோல் போர்த்திய ஜெம்பே வேண்டாம் என்றேன். தோல்கருவிகளில் பறைக்கு மட்டும் விலக்கு. செய்பவரும் தோல் மாற்றுபவரும் வாசிப்பவரும் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். இரண்டு பறை வாங்குங்கள், விளிம்புச் சட்டம் வேப்ப மரமா என்று பாருங்கள். தோல் இறுகத் தீயில் காய்ச்சும் வேலை பெரியவர்களுடையது. வைக்கோல் தீயிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துச் சுற்றிக்கொண்டே, விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். ‘கணீர்’ என்றதும் எடுத்துவிட வேண்டும், அதற்கு மேல் போனால் தோல் வெடிக்கும். சின்னப் பிள்ளைக்குத் தோளில் மாட்டாமல் பெஞ்சில் சாய்த்து வையுங்கள். வலக்கையில் குட்டையான அடிக்குச்சி, இடக்கையில் மெல்லிய நீளமான சிண்டுக்குச்சி.

இன்னொன்று, இதில் தவறவே கூடாது. பறையை யார் கையில் கொடுப்பது என்பதை வருகைப்பதிவேட்டு வரிசைப்படி முடிவு செய்யுங்கள். ‘இவனுக்கு இது தானாக வரும்’ என்று ஒரு குறிப்பிட்ட தெருவின் பிள்ளையை மட்டும் கூப்பிட்டால், ஊர் செய்த அநியாயத்தைப் பள்ளியும் செய்ததாகும். ‘என் பிள்ளை அதைத் தொடக்கூடாது’ என்று பெற்றோர் யாராவது வந்தால், வரிசையில் அந்தப் பிள்ளைக்கும் முறை உண்டு என்று சொல்லுங்கள், குரலை உயர்த்தாமல், விட்டுக்கொடுக்காமல். சொல்லித்தர வரும் கலைஞருக்கு நாற்காலி போட்டு, பிள்ளைகள் ‘வாத்தியார்’ என்று கூப்பிடட்டும். முகவரின் மூன்று நாள் பயிற்சிக்கு ஒதுக்கிய பணத்தை, மாதம் இரண்டு முறை வருகிற அவருக்குக் கொடுங்கள்.

மீதிப் பிள்ளைகளுக்குக் கிலுகிலுப்பை. கால்பங்கு கேழ்வரகு போட்ட சின்ன பிளாஸ்டிக் பாட்டில், மூடியைச் சுற்றி டேப். ஆமணக்கு விதையும் குன்றிமணியும் போட்டுவிடாதீர்கள். இரண்டும் விஷம், பிள்ளைகள் மூடியைக் கடித்துத் திறப்பார்கள்.